அழித்த பிறகும் டிஸ்க் ஏன் நிரம்பியே இருக்கிறது?

கேள்வி:

ஐயா, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவு முழுவதையும் நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு இயங்கும் ஒரு சர்வர். 100 ஜிபி டிஸ்க், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. ஜாவா நிரல்களை இயக்கும் டாம்கேட்டில் ஓடும் பில்லிங் மென்பொருள், பிஹெச்பியில் எழுதப்பட்ட வருகைப்பதிவு, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஆகிய மூன்றும் அதிலேயே உள்ளன. ஆறு மாதங்களுக்கு முன் பொருத்திய 12 வருகைப்பதிவுக் கருவிகள் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்தச் சர்வரைத் தொடர்புகொள்கின்றன. சென்ற மாதம் இரவு ஷிப்டில் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பி பில்லிங் நின்றுவிட்டது. டாம்கேட் தன் செய்திகளை எழுதிவரும், 38 ஜிபி இருந்த கேட்டலினா அவுட் லாக் கோப்பை அழித்தேன். அழித்த பிறகும், டிஸ்க் பயன்பாட்டைக் காட்டும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் என்றே காட்டியது. சர்வரை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் இடம் கிடைத்தது. மூன்று வாரம் கழித்து, 30 ஜிபி காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்ற அதே பிழை வந்து வருகைப்பதிவு நின்றது. அன்று டிஎஃப் 65 ஜிபி பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டியது. கோப்புகளின் அளவைக் கணக்கிடும் டியூ கட்டளையால் எல்லா அடைவுகளையும் (ஃபோல்டர்களையும்) கூட்டினால் 40 ஜிபிதான் வருகிறது. மீதி 25 ஜிபி எங்கே போனதென்று தெரியவில்லை. பழைய பில்களை அழித்துவிடு, இல்லையேல் பெரிய டிஸ்க் வாங்கிக்கொள் என்கிறார் உரிமையாளர். வாங்கினால் தீருமா? இரவில் போன் அடித்தாலே பதற்றமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே பிழைச் செய்தி மறுபடியும் வந்ததால், ஒரே கோளாறுதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியுள்ள எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், உங்கள் சர்வரில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள் ஒரே சமயத்தில் இருந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. டிஸ்க்கில் இடம் தீர்ந்தாலும், ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய ஐநோடு என்னும் பதிவுகள் தீர்ந்தாலும், லினக்ஸ் திருப்பித் தருவது 28 என்ற அதே பிழை எண்தான். ஆகவே உங்களுக்கு ஏற்பட்ட குழப்பம் இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் ஏற்படக்கூடியதே. பெரிய டிஸ்க் வாங்குவதால் இந்த மூன்றில் ஒன்றுகூட முழுமையாகத் தீராது. டிஸ்க் நிரம்புவது பெரும்பாலும் இடப் பற்றாக்குறையால் அன்று. அளவே விதிக்கப்படாமல் எழுதிக்கொண்டே இருக்கும் ஏதோ ஒரு நிரலால்தான். அந்த நிரல் எது, அது ஏன் இவ்வளவு எழுதுகிறது, அதற்கு வரம்பு என்ன என்ற கேள்விகளுக்கு விடை காணாதவரை 100 ஜிபி நிரம்பியது போலவே 1,000 ஜிபியும் நிரம்பும். சற்றுத் தாமதமாக, அவ்வளவே.

முதலில் அந்த 38 ஜிபி லாக் கோப்பை எடுத்துக்கொள்வோம். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் அடைவில் இருக்கிறது. அதன் உள்ளடக்கம் எந்தெந்தத் தொகுதிகளில் இருக்கிறது என்ற விவரம் ஐநோடு என்னும் தனிப் பதிவில் இருக்கிறது. கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை அடைவிலிருந்து பெயரை மட்டுமே நீக்குகிறது. எந்தப் பெயரும் அந்த ஐநோடைச் சுட்டாமலும், எந்த நிரலும் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திராமலும் இருந்தால்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்த இடத்தை விடுவிக்கும். டாம்கேட் தொடங்கிய கணத்திலிருந்து கேட்டலினா அவுட் கோப்பைத் திறந்தே வைத்திருந்தது. நீங்கள் வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினீர்கள். உள்ளே குடியிருந்தவர் காலி செய்யவில்லை. அதனால்தான் டியூ கணக்கில் அந்தக் கோப்பு மறைந்தும், டிஎஃப் கணக்கில் அதன் இடம் நிரம்பியே இருந்தது. ரீஸ்டார்ட் செய்தபோது டாம்கேட் நின்றது, கோப்பு மூடப்பட்டது, இடம் விடுபட்டது. டாம்கேட்டை மட்டும் நிறுத்தித் தொடங்கியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும். முழுச் சர்வரையும் ரீஸ்டார்ட் செய்யத் தேவையிருக்கவில்லை.

இனி இப்படி நேர்ந்தால், எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ‘கூட்டல் குறி, பெரிய எல், 1’ என்ற தெரிவுடன், எல்லா அனுமதிகளும் கொண்ட ரூட் பயனராக இயக்குங்கள். பெயர் நீக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்புகள் எவை, அவற்றை எந்த நிரல் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொன்றின் அளவு என்ன என்பதை அது வரிசையாகக் காட்டும். நிரலை நிறுத்த முடியாத நேரமாக இருந்தால், ப்ராக் அடைவில் அந்த நிரலின் எண்ணுக்குரிய பகுதிக்குள், எஃப்டி அடைவில் அதே கோப்புக்கு இன்னும் ஒரு வழி இருக்கும். அதன் வழியாகக் கோப்பின் அளவைச் சுழியமாக்கிவிட்டால் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் கிடைத்துவிடும். இன்னும் நல்லது, முதலிலேயே அழிக்காமல் இருப்பது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாக் கோப்பை ஆர்எம் கட்டளையால் நீக்காதீர்கள். ட்ரங்கேட் கட்டளையால் அதன் அளவைச் சுழியமாக்குங்கள்.

சுழியமாக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அவசரத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான். அந்தக் கோப்பின் கடைசி சில ஆயிரம் வரிகளை வேறொரு கணினிக்கு எடுத்துவைத்துப் படியுங்கள். நடுத்தர நிறுவனம் ஒன்றின் பில்லிங் மென்பொருளுக்கு 38 ஜிபி அளவுக்குச் சொல்வதற்கு உண்மையான செய்தி எதுவும் இருக்க முடியாது. இத்தகைய கோப்புகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காணக் கிடைக்கும். ஒன்று, மென்பொருளை எழுதியவர் சோதனைக் காலத்தில் டீபக் நிலையில் வைத்த லாக் அமைப்பை மாற்றாமலே விட்டுப் போயிருப்பார். ஒவ்வொரு தரவுத்தளக் கேள்வியும் முழுமையாக அதில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். மற்றொன்று, எட்டாத ஒரு முகவரிக்கு, பயன்பாட்டிலேயே இல்லாத ஒரு பிரிண்டருக்கோ பழைய எஸ்எம்எஸ் சேவைக்கோ, மென்பொருள் வினாடிக்கொரு முறை முயன்று, ஒவ்வொரு தோல்விக்கும் நூறு வரிப் பிழைத் தடத்தை எழுதிக்கொண்டிருக்கும். முன்னதை ஒரே வரி அமைப்பு மாற்றத்தால் சரிசெய்யலாம். பின்னது ஒரு பழுதைப் பற்றிய தகவல்; அதைப் படிக்காமல் அழித்தால் பழுதும் இருக்கும், லாக்கும் மறுபடி வளரும். மூன்று வாரத்தில் பயன்பாடு ஏறக்குறைய 8 ஜிபி ஏறியிருக்கிறது என்று உங்கள் எண்களே காட்டுகின்றன (ரூட் பயனருக்கென ஒதுக்கப்பட்ட 5 ஜிபி போக நிரம்பியிருந்தது 95, அதில் 38 போனால் 57, பிறகு 65). அது பெரும்பாலும் இந்தக் கோப்பாகவே இருக்கும். இந்த வாரமே திறந்து பாருங்கள்.

அதன்பின் வரம்பு விதிக்க வேண்டும். உபுண்டுவின் சொந்தத் தொகுப்பாக அல்லாமல், இறக்கிக் கையால் நிறுவப்பட்ட டாம்கேட்டில் கேட்டலினா அவுட் கோப்பைச் சுழற்ற, அதாவது பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க, எந்த ஏற்பாடும் இயல்பாக இருக்காது. உங்களுடையதும் அப்படித்தான் என்று ஊகிக்கிறேன். லாக் கோப்புகளைச் சுழற்றும் நிரலான லாக்ரொட்டேட்டில் அதற்கென ஓர் அமைப்புக் கோப்பு எழுதி, நாள்தோறும் சுழற்றவும், பழையவற்றைச் சுருக்கவும், 14 பிரதிகளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாமென்றும் குறிப்பிடுங்கள். இங்கே, படியெடுத்துவிட்டு மூலக் கோப்பைச் சுழியமாக்கும் காப்பிட்ரங்கேட் என்ற தெரிவு அவசியம். இல்லையென்றால் லாக்ரொட்டேட் கோப்பின் பெயரை மாற்றிய பிறகும் டாம்கேட் அந்தப் பழைய கோப்பிலேயே தொடர்ந்து எழுதும். காப்பிட்ரங்கேட்டுக்கும் இரு குறைகள் உண்டு. படியெடுப்பதற்கும் சுழியமாக்குவதற்கும் இடைப்பட்ட நொடியில் எழுதப்படும் சில வரிகள் தொலையலாம். உங்கள் தேவைக்கு அது பொருட்டல்ல. ஆனால் அது முதலில் முழுப் பிரதி எடுப்பதால், 20 ஜிபி லாக்கைச் சுழற்ற இன்னொரு 20 ஜிபி காலியாக இருக்க வேண்டும். ஆகவே கோப்பு சிறிதாக இருக்கும்போதே இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். அளவு வரம்பாக 500 எம்பி என்று குறிப்பிட்டாலும், லாக்ரொட்டேட் நாளுக்கு ஒருமுறை ஓடும்போதுதான் அந்த அளவைச் சரிபார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே இரவில் பல ஜிபி எழுதும் நிரலாக இருந்தால் அதை மணிக்கொரு முறை ஓடச் செய்ய வேண்டும். எழுதி முடித்ததும் டீபக் தெரிவுடன் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் அது சொல்லும்.

இரண்டாவது கோளாறுக்கு வருவோம். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை உருவாக்கும்போதே அதில் மொத்தம் எத்தனை ஐநோடுகள் என்பது முடிவாகிவிடுகிறது. பிறகு கோப்பு முறைமையையே பெரிதாக்கினாலன்றி அந்த எண்ணிக்கை கூடாது. இயல்பான கணக்கு 16 கேபிக்கு ஓர் ஐநோடு. உங்கள் 100 ஜிபிக்கு ஏறத்தாழ 65.5 லட்சம். ஒரு பைட்டும் இல்லாத வெற்றுக் கோப்புக்குக்கூட ஓர் ஐநோடு வேண்டும். இப்போது உங்கள் 12 கருவிகளைப் பாருங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு கருவி நாளுக்கு 2,880 முறை. 12 கருவிகளும் சேர்ந்து 34,560 முறை. இத்தகைய கருவிகள், வந்தவர் யாரென்று அடையாளம் காட்டும் குக்கீயைப் பொதுவாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே ஒவ்வொரு தொடர்பையும் பிஹெச்பி ஒரு புதிய வருகையாளராகக் கருதி, அந்த வருகையின் விவரத்தை வைக்கும் புதிய செஷன் கோப்பு ஒன்றை உருவாக்கும். அவை அழிக்கப்படாமல் இருந்தால் 180 நாட்களில் 62 லட்சத்துக்கு மேல். உபுண்டுவும் உங்கள் மென்பொருள்களும் வைத்திருக்கும் கோப்புகளைச் சேர்த்தால் 65 லட்சம் தீர்ந்துவிடும். நீங்கள் கருவிகளைப் பொருத்தி ஆறு மாதம் ஆகிறது. கணக்கு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதால் காரணம் இதுவே என்று நம்புகிறேன். ஆனாலும் என் சொல்லை ஏற்காமல் சரிபாருங்கள். டிஎஃப் கட்டளையை ஐ என்ற தெரிவுடன் இயக்கினால் ஐநோடு பயன்பாடு தெரியும். டியூ கட்டளைக்கு ஐநோட்ஸ் என்ற தெரிவைக் கொடுத்தால் எந்த அடைவில் கோப்புகள் குவிந்துள்ளன என்பது தெரிந்துவிடும்.

‘பழைய செஷன்களைப் பிஹெச்பி தானே அழித்துவிடுமே’ என்று நீங்கள் கேட்கலாம். டெபியனிலும் உபுண்டுவிலும் அது அவ்வாறு செய்வதில்லை. அங்கே பிஹெச்பி தானாகக் குப்பை சேகரிக்கும் வாய்ப்பு சுழியமாக அமைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பதிலாக, அரைமணிக்கு ஒருமுறை ஓடும் ஒரு தனிப் பணி, பிஹெச்பி அமைப்புக் கோப்பில் குறிப்பிடப்பட்டுள்ள செஷன் அடைவைத் துப்புரவு செய்யும். வருகைப்பதிவை எழுதியவர் தம் நிரலுக்குள்ளேயே செஷன் அடைவை வேறிடத்துக்கு மாற்றியிருந்தால், அந்தப் பணிக்கு அது தெரியாது, பிஹெச்பியும் அழிக்காது. இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்ட நிலை அது. உங்கள் சர்வரில் குவியல் அந்த அடைவில்தான் இருக்கிறது என்றால், தீர்வு இரண்டு. கருவிகள் தொடர்புகொள்ளும் பக்கத்தில் செஷன் தேவையே இல்லை. அதைத் தொடங்கும் வரியை அங்கிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். மற்ற பக்கங்களுக்கு, செஷன் அடைவை உபுண்டுவின் வழக்கமான இடத்துக்கே திருப்புங்கள்.

குவிந்திருப்பதை அழிப்பதிலும் நிதானம் வேண்டும். ஆர்எம் கட்டளைக்கு நட்சத்திரக் குறி கொடுத்தால், பெயர்ப் பட்டியல் மிக நீளம் என்று சொல்லி அது மறுத்துவிடும். பழைய அடைவின் பெயரை மாற்றி, அதே உரிமையாளரும் அனுமதிகளும் கொண்ட புதிய வெற்று அடைவை அதன் இடத்தில் வைத்துவிட்டு, பழையதை ஃபைண்ட் கட்டளையின் டிலீட் தெரிவால், டிஸ்க் முன்னுரிமையை ஐயோநைஸ் மூலம் குறைத்து, ஆள் நடமாட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமையில் அழியுங்கள். லட்சக்கணக்கான பெயர்களைத் தாங்கிப் பருத்துப்போன எக்ஸ்ட்4 அடைவு, கோப்புகள் போன பிறகும் சுருங்காது. அதில் தேடுவது மெதுவாகவே இருக்கும். புதிய அடைவு வைக்கச் சொல்வதற்கு அதுவே காரணம். ஐநோடு முற்றிலும் தீர்ந்துவிட்ட நேரத்தில் புதிய அடைவையும் உருவாக்க முடியாது என்பதால், அப்போது மட்டும் முதலில் சில ஆயிரம் கோப்புகளை அழித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கோளாறான அந்தக் காணாமற்போன 25 ஜிபி குறித்து நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். இரவு பேக்கப், நெட்வொர்க்கில் உள்ள ஒரு என்ஏஎஸ் சேமிப்புப் பெட்டிக்கோ யூஎஸ்பி டிஸ்க்குக்கோ போகிறதா? அப்படியானால், ஏதோ ஓர் இரவில் அது மவுண்ட் ஆகாமல், அதாவது அதற்குரிய அடைவோடு இணைக்கப்படாமல், இருந்திருக்கும். மவுண்ட் ஆகாத நிலையில் அந்த அடைவு உங்கள் சொந்த டிஸ்க்கில் உள்ள ஒரு சாதாரண அடைவுதான். பேக்கப் ஸ்கிரிப்ட் அதை அறியாமல் முழு பேக்கப்பையும் அங்கேயே எழுதிவிட்டது. மறுநாள் மவுண்ட் சரியானதும், அதன் அடியில் அந்தக் கோப்புகள் மறைந்துபோயின. டியூ மேலே இருப்பதை மட்டுமே பார்க்கும். கீழே இருப்பதும் டிஎஃப் கணக்கில் வரும். ரீஸ்டார்ட்டுக்குப் பின் ஏறியது 8 ஜிபிதான் என்பதால், இந்த 25 ஜிபியில் பெரும்பகுதி அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்தும் அது விடுபடாததால், இது திறந்திருக்கும் கோப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டிஸ்க்கின் அடிப்படையான ரூட் கோப்பு முறைமையை எம்என்டி போன்ற வெற்று அடைவில் பைண்ட் மவுண்ட் செய்து, அதாவது அங்கே இன்னொரு முறை இணைத்து, அதன் வழியாகப் பாருங்கள். மேலே மவுண்ட் ஆனவை எதுவுமின்றி, அடியில் இருப்பது தெரியும். அங்கே இருப்பதை உடனே அழிக்க வேண்டாம். அந்த இரவின் பேக்கப் வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். முதலில் என்ஏஎஸ்ஸுக்கு நகர்த்துங்கள். மறுபடி நேராமலிருக்க, பேக்கப் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சரிபார்த்து, மவுண்ட் இல்லையென்றால் பிழையுடன் நின்றுவிடச் செய்யுங்கள். அதோடு, என்ஏஎஸ் கழற்றப்பட்ட நிலையில் அந்த வெற்று அடைவுக்கு சேட்டர் கட்டளையால் மாற்றமுடியாத பண்பைக் கொடுத்துவிட்டால், ஸ்கிரிப்டில் தவறிருந்தாலும் அங்கே எழுத முடியாது.

உரிமையாளர் சொல்வதைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன்: பழைய பில்களை அழிக்காதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, அழிப்பதால் டிஸ்க்கில் இடமும் வராது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி அட்டவணையிலிருந்து வரிகளை நீக்கினால் அந்த அட்டவணைக் கோப்புக்குள் வெற்றிடம் உண்டாகும், கோப்பு சுருங்காது. சுருக்க வேண்டுமானால் ஆப்டிமைஸ் கட்டளையால் அட்டவணையை மறுபடி கட்ட வேண்டும். அதற்கு அந்த அட்டவணையின் இன்னொரு பிரதிக்கான இடம் தற்காலிகமாகத் தேவைப்படும். நீக்கும் வேலையே, மாற்றங்களைத் திரும்பப் பெற உதவும் அன்டூ லாக்கையும், நடந்த மாற்றங்களைப் பதிவு செய்யும் பைனரி லாக்கையும் வளர்க்கும். இடம் இல்லாத நேரத்தில் இடத்துக்காகத் தரவுத்தளத்தில் கை வைப்பது ஆபத்தான செயல். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகள் நின்றன. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் இரு நாட்களுக்கு முன் நடந்த பராமரிப்புப் பணியில், தரவுத்தளத்தில் சேர்ந்திருந்த தரவுகளை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க் இடம் போதாமல் பிழை ஏற்பட்டது என்றும், மாற்றுச் சர்வர்களும் அதே அமைப்பில் இயங்கியதால் அவற்றுக்கு மாறவும் முடியவில்லை என்றும் அந்நிறுவனமே பிறகு அறிவித்தது. உங்கள் உரிமையாளரிடம் காட்ட இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

தரவுத்தளப் பக்கம் நீங்கள் பார்க்க வேண்டியது பைனரி லாக்கை மட்டுமே. மைஎஸ்கியூஎல் 8.0இல் அது இயல்பாகவே இயங்கும். 30 நாட்களுக்குரியதைச் சேமித்து வைக்கும். நாள்தோறும் முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்துச் சரியென்று உறுதி செய்திருந்தால், இந்தக் காலத்தை 7 நாட்களாகக் குறைக்கலாம். அந்தக் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். மைஎஸ்கியூஎல்லுக்குள்ளிருந்து பர்ஜ் கட்டளையால் மட்டுமே நீக்குங்கள்.

டிஸ்க் வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் பெரிதாக ஒன்று என்பதற்காக அல்ல, பிரித்து வைப்பதற்காக. இப்போது வருகைப்பதிவின் குப்பை பில்லிங்கையும், பில்லிங்கின் லாக் தரவுத்தளத்தையும் நிறுத்த முடிகிறது. லாக்குகளுக்கு ஒரு பகுதி, தரவுத்தளத்துக்கு ஒரு பகுதி, மற்றவற்றுக்கு ஒரு பகுதி என்று, டிஸ்க் பகுதிகளை நிர்வகிக்கும் எல்விஎம்மில் பிரித்து, மொத்த இடத்தில் கால் பங்கை எவருக்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். தேவைப்படும் பகுதியை, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கட்டளைகளில் பெரிதாக்கிவிடலாம். லாக் பகுதி நிரம்பினால் லாக் மட்டும் நிற்கும். பில் போடுவது பெரும்பாலும் நிற்காது.

இரவு நேரத்துக்கான சில முன்னேற்பாடுகளையும் சொல்கிறேன். எக்ஸ்ட்4 இயல்பாகவே 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. உங்களுக்கு அது 5 ஜிபி. டிஎஃப் 100 என்று காட்டும்போதும் நீங்கள் ரூட்டாக உள்ளே வந்து வேலை செய்ய முடிவது அதனால்தான். இடம் போதவில்லையென்று அந்த ஒதுக்கீட்டைச் சுழியமாக்கச் சொல்லும் அறிவுரைகளைப் பின்பற்றாதீர்கள். ஃபாலோகேட் கட்டளையால், 2 ஜிபி இடத்தைப் பிடித்துவைக்கும் ஒரு கோப்பை இன்றே உருவாக்கி வையுங்கள். நெருக்கடியில் அதை அழித்தால் மூச்சு விட நேரம் கிடைக்கும். டிஸ்க் நிரம்பியிருக்கும்போது எந்த அமைப்புக் கோப்பையும் திருத்திச் சேமிக்காதீர்கள். பழைய உள்ளடக்கம் போய், புதியது எழுதப்படாமல், கோப்பு வெறுமையாகிவிடக்கூடும். பைனரி லாக் எழுத இடமில்லாதபோது மைஎஸ்கியூஎல் உறைந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது 60 வினாடிக்கு ஒருமுறை மறுபடி முயன்றுகொண்டு காத்திருக்கும். அதை வலுக்கட்டாயமாகக் கொல்லாமல், இடத்தை விடுவித்துவிட்டு ஓரிரு நிமிடம் பொறுத்திருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நிரம்புவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பது. 80 சதவீதத்தில் ஓர் எச்சரிக்கை, 90இல் ஒன்று. இடத்துக்கும் ஐநோடுக்கும் தனித்தனியாக. நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு கூடியது என்பதையும் நாள்தோறும் ஒரு வரியாகப் பதிந்து வாருங்கள். 60 சதவீதத்தில் நின்றாலும் ஒரே நாளில் 10 சதவீதம் ஏறியிருந்தால் அதுவே அவசரம். இந்தச் சரிபார்ப்பு அதே சர்வரில் மட்டும் ஓடக்கூடாது. மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளும் முதலில் கடிதத்தை அதே டிஸ்க்கில் எழுதிவைத்துத்தான் அனுப்புகிறது. டிஸ்க் நிரம்பினால் ‘டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்ற கடிதமும் போகாது. அலுவலகத்தில் உள்ள வேறொரு பழைய கணினி, இந்தச் சர்வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டாலும் எச்சரிக்கும்படி அமையுங்கள். எச்சரிக்கை உண்மையில் உங்கள் கைபேசிக்கு வந்து சேர்கிறதா என்பதையும் மாதம் ஒருமுறை சோதியுங்கள். 2017 ஜனவரி 31 இரவில், மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடியபோது, பதிப்பு பொருந்தாமையால் பேக்கப் நிரல் தோல்வியுற்றுக்கொண்டே இருந்ததும், அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் பெறுமிடத்தில் நிராகரிக்கப்பட்டு வந்ததும் அப்போதுதான் தெரியவந்தன. தற்செயலாக முன்னதாக எடுத்திருந்த ஒரு பிரதி இருந்ததால் இழப்பு சுமார் 6 மணி நேரத் தரவோடு நின்றது.

இரவுப் போனைப் பற்றிய உங்கள் கடைசி வரி என் மனத்தில் தங்கிவிட்டது. தூக்கக் கலக்கத்தில், ரூட் அனுமதியோடு, வேறெவரும் அருகில் இல்லாமல் அழிக்கும் கட்டளை கொடுப்பது எத்தனை அனுபவம் உள்ளவருக்கும் பாதுகாப்பானதன்று. அந்த நிலையில் உங்களைத் தனியாக விட்டிருப்பது நிறுவனத்தின் குறைதான். நான் மேலே சொன்ன 2 ஜிபி கோப்பை மட்டும் அழிக்கக்கூடிய சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, வேறு எந்த அனுமதியும் இல்லாத ஒரு பயனர் கணக்கின் வழியாக அதை இரவு ஷிப்ட் மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். பில்லிங் நின்றால் அவர் அதை இயக்கட்டும். இடப் பற்றாக்குறைதான் காரணமென்றால் பில்லிங் பெரும்பாலும் தானே மீளும், டாம்கேட் மீளாவிட்டால் அதை மட்டும் மறுபடி தொடங்கும் வரியையும் அதே ஸ்கிரிப்டில் சேர்த்துவிடலாம். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டுமே உங்களை அழைக்க வேண்டும் என்று எழுத்தில் முடிவு செய்து, உரிமையாளரின் ஒப்புதலையும் அதில் வாங்கிவையுங்கள். காலையில் வந்ததும் எல்எஸ்ஓஎஃப், இருவகை டிஎஃப், டியூ ஆகியவற்றின் முடிவுகளைப் பார்த்து, காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதி, அந்த 2 ஜிபி கோப்பை மறுபடி உருவாக்கி வைத்துவிடுங்கள்.